தண்டுவடத்துல ஜெல் ஊசி போட்டா கால் வருமா? மச்சானுக்காகக் கேட்கிறேன்

காரிமங்கலத்தான் | புதன், இரவு 9.12

வணக்கம்ங்க. நேரா விஷயத்துக்கு வந்துடறேன். என் தங்கச்சி வீட்டுக்காரர், வயசு 34. தை கடைசில குத்தகைக்கு எடுத்த மரத்துல புளி உலுக்க ஏறினவரு, கிளை முறிஞ்சு விழுந்துட்டாரு. 108ல தருமபுரி, அங்கிருந்து சேலம். எல்1னு சொல்ற இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு நொறுங்கி தண்டுவடத்தை நசுக்கிடுச்சுன்னாங்க. ராடு, ஸ்க்ரூ வெச்சு ஆபரேஷன் முடிஞ்சுது. இப்ப புரட்டாசி. ரெண்டு காலும் அசையல. தொடை முன்பக்கம் தொட்டா மட்டும் லேசாத் தெரியுதுங்கறாரு. ஒன்னுக்குப் போக டியூப்தான்.

போன வாரம் சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்பினாரு. எலிக்கு முதுகுல ஊசி வழியா ஏதோ ஜெல் ஏத்தறாங்க. பின்னங்காலை இழுத்துக்கிட்டுக் கிடந்த எலி நாலு வாரத்துல நடக்குது. வீடியோவுக்குக் கீழ ஒரு போன் நம்பர். கூப்பிட்டா, வெளி மாநிலத்துல ஒரு ஆஸ்பத்திரி, "அதே டெக்னாலஜிதான் சார், ஸ்டெம் செல்லும் சேர்த்துப் போடறோம், மூணு ஊசி, ஆறு லட்சம்"னு சொல்றாங்க. தங்கச்சி பேர்ல ஒரு ஏக்கர் மாந்தோப்பு இருக்கு. அதை விக்கறதப் பத்தி வீட்ல பேச்சு ஓடுது.

வீடியோ பொய்யா, நிஜமா? நிஜம்னா நமக்குக் கிடைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிசியோ அக்கா | புதன், இரவு 9.40

தோப்புப் பேச்சை இன்னிக்கு நிறுத்துங்க தம்பி. மத்தது அப்புறம்.

எனக்குச் சில விவரம் வேணும். டிஸ்சார்ஜ் சம்மரில 'ஏஷியா'ன்னு போட்டு ஏ, பி, சி, டின்னு ஏதாவது எழுத்து இருக்கா? தண்டுவட அடி எவ்வளவுன்னு சொல்ற தரம் அது, 'ஏ'ன்னா முழு அடி, அடுத்தடுத்த எழுத்து அதைவிட லேசு. ஆசனவாய்ப் பக்கம் தொட்டா தெரியுதா, அங்க இறுக்கிப் பிடிக்கச் சொன்னா முடியுதா? கேக்கக் கூச்சமா இருக்கும். ஆனா இந்த ஒரு பதில்தான் முழுசா அறுந்துச்சா, பாதி மிச்சம் இருக்கான்னு சொல்லும். கால் அசையுதா இல்லையாங்கறது அதுக்கு அடுத்ததுதான்.

டியூப்னா எந்த டியூப்? உள்ளயே விட்டு வெச்சதா, அப்பப்போ போட்டு எடுக்கறதா?

காரிமங்கலத்தான் | புதன், இரவு 10.03

உள்ளயே இருக்கறதுதாங்க. பை மாட்டியிருக்கு. 'ஏஷியா பி'ன்னு எழுதியிருக்கு. மத்ததைத் தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்.

காவேரிப்பட்டணத்துப் பையன் | வியாழன், காலை 7.05

ண்ணா, நான் பெங்களூர்ல பயோமெட்டீரியல், அதாவது உடம்புக்குள்ள வைக்கற பொருளுங்க, அந்த ஆய்வுல இருக்கேன். டாக்டர் இல்ல, ஆய்வு மாணவன். அதை மனசுல வெச்சுப் படிங்க.

வீடியோ அநேகமா நிஜம். அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல சாமுவேல் ஸ்டப் குழு 2021 நவம்பர்ல 'சயன்ஸ்' இதழ்ல வெளியிட்ட வேலை. "ஆடும் மூலக்கூறுகள்"னு அப்ப செய்தியெல்லாம் வந்துச்சு. சிரிஞ்சுல இருக்கறப்ப அது திரவம். உள்ள பெப்டைடு, அதாவது புரதத்தோட சின்னத் துண்டு மாதிரி மூலக்கூறுங்க. தண்டுவடத்துல பட்டதும் அதுங்க ஒன்னோடொன்னு கோத்துக்கிட்டு நானோ இழைகளா மாறி ஜெல்லா உறையுது. இழையோட மேல்பக்கத்துல ரெண்டு விதமான சமிக்ஞை. ஒன்னு ஆக்ஸானை, அதாவது நரம்புச் செல்லோட நீள வாலை, வளரத் தூண்டறது. இன்னொன்னு ரத்தக்குழாய் முளைக்கவும் செல்லுங்க பிழைக்கவும் உதவறது. வேலை முடிஞ்சதும் 12 வாரத்துக்குள்ள ஜெல் உடம்புல கரைஞ்சு போயிடுது.

எங்க ஆளுங்களைக் கவர்ந்தது வேற ஒரு விஷயம். சமிக்ஞை ரெண்டையும் அப்படியே வெச்சுக்கிட்டு, இழைக்குள்ள மூலக்கூறுங்க எவ்வளவு துடிப்பா அசையுதுங்கறதை மட்டும் மாத்திப் பாத்தாங்க. அதிகமா அசையற ஜெல் போட்ட எலி நல்லா தேறுச்சு, கம்மியா அசையறது போட்டது அந்தளவு தேறல. செல்லு மேல சமிக்ஞையைப் பிடிக்கற ஏற்பிகளும் சும்மா ஒரே இடத்துல நிக்கறதில்ல, அலைஞ்சுக்கிட்டே இருக்கும். அலையறதோட சேர்ந்து அலைஞ்சாத்தான் அதைச் சந்திக்க முடியும்ங்கறது அவங்க விளக்கம்.

ஏன் ஊசி, ஏன் ஜெல்? அடிபட்ட தண்டுவடம் கத்தியில வெட்டின மாதிரி நேரா இருக்காது. நடுவுல கோணல்மாணலா ஒரு பொந்து, சுத்தி இன்னும் உயிரோட இருக்கற நரம்பு நார்கள். கெட்டியான பொருளை அதுல வைக்கணும்னா மிச்சமிருக்கற நாரையும் கீறணும். திரவமாப் போயி உள்ள உறையற பொருள்னா பொந்தோட வடிவத்துக்கே அமைஞ்சுக்கும். கொடிக்குப் பந்தல் போடற வேலைதான் இது. பந்தல் காய்க்காது, கொடி ஏற இடம் குடுக்கும், அவ்வளவுதான்.

இனி உங்களுக்கு வேண்டிய பகுதி. அந்த எலிங்களுக்கு ஊசி போட்டது அடிபட்டு 24 மணி நேரத்துல. எட்டு மாசம் கழிச்சு இல்ல. அந்த ஒரு நாளைக்கும் எட்டு மாசத்துக்கும் நடுவுல உள்ள என்னென்னமோ நடந்து முடிஞ்சிருக்கும். அதை மத்தியானம் எழுதறேன், லேபுக்கு நேரமாச்சு.

சக்கரவண்டி | வியாழன், காலை 8.31

எலி நடந்துச்சு, எலி நடந்துச்சு. நான் பென்னாகரம் பக்கம், தொப்பூர் கணவாயில லாரி கவுந்து நெஞ்சுக்குப் பின்னால இருக்கற டி10 முதுகெலும்புல அடி. படுத்த நாள்ல இருந்து ஏதாவது ஒரு எலி நடந்துக்கிட்டேதான் இருக்கு. நம்ம ஏரியாவுல எலிங்க மாதிரி நல்லா வைத்தியம் பாத்துக்கிட்டவங்க யாரும் இல்ல.

கோவத்துல சொல்லல காரிமங்கலம். உங்க மச்சானைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்க: படுக்கைப்புண் இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஓசூர் லேத் | வியாழன், மதியம் 12.50

எனக்கு மணிக்கட்டுல நரம்பு வெட்டுப்பட்டு, மைக்ரோஸ்கோப் வெச்சுத் தெச்சாங்க. இப்ப விரல்ல உணர்வு வந்துடுச்சு, முழுசா இல்லன்னாலும் ஸ்பேனர் பிடிக்கறேன். நரம்பு வளராதுன்னு சொல்றதெல்லாம் பழைய பேச்சு. கையில வளர்றது முதுகுல ஏன் வளராது? அந்தப் பையன் பதில் சொல்லட்டும்.

காவேரிப்பட்டணத்துப் பையன் | வியாழன், மதியம் 2.20

ஓசூர் அண்ணன் கேட்டதுலதான் எல்லாமே இருக்கு.

கையில, கால்ல ஓடற நரம்பைச் சுத்தி உறை போடறது ஷ்வான் செல்னு ஒரு வகை. நரம்பு அறுந்தா அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பகுதி சிதைஞ்சு போகும், 1850ல அகஸ்டஸ் வாலர் கண்டுபிடிச்சது. சிதைஞ்ச குப்பையை ஷ்வான் செல்லுங்களும் ரத்தத்துல இருந்து வர்ற செல்லுங்களும் சேர்ந்து சில வாரத்துல கூட்டிடும். அப்புறம் ஷ்வான் செல்லுங்க வரிசையா நின்னு பாதை போட்டுத் தரும். அந்தப் பாதையில ஆக்ஸான் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டுல இருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர்னா சுமார் 6 மாசம். அண்ணனுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கும்.

தண்டுவடத்துக்குள்ள ஷ்வான் செல் கிடையாது. வேற செல்தான் உறை போடுது. அந்த உறை சிதையறப்ப வெளிய வர்ற சில புரதங்க, 'நோகோ-ஏ' மாதிரி, ஆக்ஸானை வளராதேன்னு தடுக்கும். குப்பை மாசக்கணக்குல, வருஷக்கணக்குலகூட கிடக்கும். அடிபட்ட இடத்தைச் சுத்தி நட்சத்திரச் செல்லுங்க, நட்சத்திர வடிவத்துல இருக்கற துணைச் செல்லுங்க, தழும்பு கட்டும். அந்தத் தழும்புல காண்ட்ராய்டின் சல்பேட்னு சர்க்கரைச் சங்கிலி ஒட்டின புரதங்க நிறைய, அதுவும் தடைதான். தழும்பு முழுசாக் கெட்டதும் இல்ல. அது இல்லன்னா வீக்கம் மிச்ச இடத்துக்கும் பரவும். அதனாலதான் சும்மா சுரண்டி எடுத்துட முடியல.

ஆனா ஒன்னு. தண்டுவடத்து நரம்புக்கு வளர்ற தெம்பே இல்லைன்னு நினைக்காதீங்க. 1981ல கனடாவுல மாண்ட்ரீல்ல சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகாயோவும் எலியோட கால் நரம்புத் துண்டை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலமா வெச்சாங்க. தண்டுவடத்து ஆக்ஸானுங்க அந்தத் துண்டுக்குள்ள சென்டிமீட்டர் கணக்குல வளர்ந்துச்சு. அப்ப குறை கொடியில மட்டும் இல்ல, ஏற இடமும் சரியில்ல. இந்த ஜெல் ஆராய்ச்சி மொத்தமும் அந்த நம்பிக்கையில நிக்குது.

ஜெல் செய்யறதும் சுலபம் இல்ல. தண்டுவடம் ரொம்ப மெத்து, கடினத்தன்மை 1 கிலோபாஸ்கல் பக்கம், சில அளவீட்டுல அதுக்கும் கீழ. ஜெல் அதைவிடக் கெட்டியா இருந்தா சுத்தி இருக்கற செல்லுங்க அதை எதிரியாப் பாக்கும். ரொம்ப இளக்கமா இருந்தா முதுகுத்தண்டு நீர்ல அடிச்சுக்கிட்டுப் போயிடும். நிறைய ஜெல்லுங்க தண்ணியை உறிஞ்சி ஊதும். எலும்புக் கூட்டுக்குள்ள ஊதினா மிச்சம் இருக்கற நார் நசுங்கும். வளர்ச்சி மருந்தைக் கலந்து வெச்சாலும் ஒரு சிக்கல்: மருந்து நிறைய இருக்கற இடத்துக்கு வந்த ஆக்ஸான் அங்கேயே தங்கிடும், அந்தப் பக்கம் தாண்டாது. தாண்டினாத்தான் கால் அசையும்.

ஹையலுரானிக் அமிலம், கொலாஜன், ஃபைப்ரின், கைட்டோசான், ஆல்ஜினேட்னு எல்லாத்துலயும் செஞ்சு பாக்கறாங்க. ஃபைப்ரின் பசை ஏற்கெனவே ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கு, கை நரம்பை ஒட்டறதுக்கு. 2023ல தென்கொரியாவுல சுங்க்யுன்க்வான் பல்கலைக்கழகக் குழு தங்க நானோத்துகள் கலந்த, மின்சாரம் கடத்தற ஹையலுரானிக் ஜெல்லை எலியோட அடிபட்ட கால் சதையில ஏத்தி 'நேச்சர்' இதழ்ல போட்டாங்க. அது சதைக்கும் நரம்புக்கும் நடுவுல இணைப்புக் குடுக்கறதுக்கு. தண்டுவடத்துக்கு இல்ல. வாட்ஸ்அப்ல ரெண்டையும் சேர்த்து ஒட்டிடறாங்க.

பழைய வாத்தியார் | வியாழன், மாலை 6.15

கிருஷ்ணகிரியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பையன் நன்றாக விளக்கியிருக்கிறார். ஆனால் எலிக்கும் மனிதனுக்கும் உள்ள தூரத்தை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சுண்டெலிக்குத் தண்டுவடம் சில சென்டிமீட்டர். நமக்கு 45 சென்டிமீட்டருக்குப் பக்கம். நாலு கால் பிராணி நடப்பதற்குத் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கும் நரம்பு வலை பெரும்பங்கு வகிக்கிறது. மூளையிலிருந்து கொஞ்சம் இணைப்பு மீண்டாலும் கால் ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் நமக்கு மூளையின் பிடி அதிகம் தேவை. இன்னொன்று, சுண்டெலிக்கு அடிபட்ட இடத்தில் பொந்து விழாமல் திசு நிரம்பிவிடும். ஆய்வகத்தில் வளர்க்கும் பெரிய எலிக்கும் மனிதனுக்கும்தான் நீர்க்கட்டி போல் பொந்து விழும்.

கேள்வி: மனிதரிடம் போட்டுப் பார்த்த பொருள் ஏதேனும் உண்டா? அதன் கதி என்ன?

காவேரிப்பட்டணத்துப் பையன் | வியாழன், இரவு 9.48

உண்டு சார். முடிவு சந்தோஷமா இல்ல.

இன்விவோ தெரபியூட்டிக்ஸ்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி. ஜெல் இல்ல, கரையற பாலிமர்ல செஞ்ச சின்ன பஞ்சு. நெஞ்சு மட்டத்துல முழுசா அடிபட்டவங்களுக்கு உடனே ஆபரேஷன் பண்ணி உள்ள வெச்சாங்க. முதல் சோதனையில ஒப்பீட்டுக் குழு கிடையாது. 'ஏ'ல இருந்த சிலர் 'பி'க்கோ 'சி'க்கோ மாறினாங்க. எல்லாரும் கொண்டாடினாங்க. அப்புறம் பஞ்சு வெச்சவங்க ஒரு பக்கம், வைக்காம வழக்கமான ஆபரேஷன் மட்டும் பண்ணவங்க ஒரு பக்கம்னு ஒப்பிட்டுப் பாத்தாங்க. 2023ல முடிவு வந்துச்சு. எதிர்பாத்த பலன் தெரியல. அடுத்த வருஷம் கம்பெனி திவாலாயிடுச்சு.

இதுல நமக்கு என்ன? முழுசா அடிபட்டதுன்னு எழுதினவங்கள்லயே ஒரு பகுதிப் பேர் எந்த ஊசியும் இல்லாம முதல் வருஷத்துல ஒரு படி மேல வருவாங்க. 'பி'ல இருக்கறவங்களுக்கு இன்னும் அதிகம். ஆறு லட்சம் வாங்கறவங்க காட்டற "முன்னாடி, பின்னாடி" வீடியோவுல இருக்கறது யாரு சாதனைன்னு ஒப்பீட்டுக் குழு இல்லாம சொல்லவே முடியாது.

ஸ்டப் குழுவோட மருந்துக்கு 2025ல அமெரிக்க எஃப்டிஏ, மருந்துக்கு அனுமதி குடுக்கற அரசு அமைப்பு, 'ஆர்ஃபன் டிரக்'ங்கற தகுதி குடுத்துச்சு. அது விக்கறதுக்கு அனுமதி இல்ல. அரிய நோய்க்கான மருந்தை உருவாக்கறவங்களுக்குக் குடுக்கற சலுகை. அதைப் பிடிச்சுக்கிட்டு "எஃப்டிஏ அப்ரூவ்டு"ன்னு போஸ்டர் அடிப்பாங்க, பாத்துக்கோங்க.

ஓசூர் லேத் | வியாழன், இரவு 10.10

பிரேசில்ல மனுஷனுக்கே போட்டு எந்திரிச்சு நடந்தாருன்னு பார்த்தேனே?

காவேரிப்பட்டணத்துப் பையன் | வியாழன், இரவு 10.31

ரியோ டி ஜெனிரோ பல்கலைக்கழகத்து வேலை அது. குழந்தை பிறந்தப்புறம் கிடைக்கற நஞ்சுக்கொடியில இருந்து லேமினின்னு ஒரு புரதத்தை எடுத்து, வலையாக் கோத்து, தண்டுவடத்துலயே ஊசியாப் போடறாங்க. 2025ல பெரிய செய்தியாச்சு. சுவாரசியமான வேலைதான், நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா போட்டுக்கிட்டவங்க வெகு சிலர், ஒப்பீட்டுக் குழு இல்ல, எல்லாருக்கும் அடிபட்ட கொஞ்ச நாள்லயே. பழைய அடிக்கு இல்ல.

நம்பிக்கை ஒளி | வெள்ளி, காலை 6.02

அன்பு நண்பர்களே இங்கே எதிர்மறையாகப் பேசுபவர்களை நம்ப வேண்டாம். எங்கள் மையத்தில் பயோ ஜெல் + ஸ்டெம் செல் சிகிச்சை மூலம் பல்லாயிரம் பேர் பயன்பெற்றுள்ளனர். 100% பக்க விளைவு இல்லை. எந்த வருட பாதிப்பானாலும் பரவாயில்லை. இஎம்ஐ வசதி உண்டு. தொடர்புக்கு [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 7.30

போன் நம்பர் எடுத்தாச்சு. பதிவை வேணும்னே விட்டு வெச்சிருக்கேன், படிக்கறவங்க தெரிஞ்சுக்கட்டும். கணக்கு முடக்கம்.

பழைய வாத்தியார் | வெள்ளி, காலை 8.05

தண்டுவடத்துக்கு "இஎம்ஐ வசதி". எந்த வருடப் பாதிப்பானாலும் பரவாயில்லை என்று ஒருவர் சொன்ன உடனேயே எழுந்து வந்துவிடலாம். உண்மையாக ஆராய்ச்சி செய்பவர்கள் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதைத்தான் முதல் பக்கத்தில் எழுதுவார்கள்.

சட்ட விவரம் இரண்டு. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல். நம் நாட்டில் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, ரத்தம் தொடர்பான சில நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்றவை தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சிக் கணக்கில்தான் வரும். தண்டுவடக் காயம் அந்த அங்கீகரித்த பட்டியலில் இல்லை. ஆராய்ச்சியில் சேர்பவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது.

மனிதர்மீது நடக்கும் மருந்துச் சோதனை எதுவானாலும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஜூனிலிருந்து கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். பதிவு எண் 'சிடிஆர்ஐ' என்று ஆரம்பித்து ஆண்டு, மாதம், வரிசை எண் என்று போகும். அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் குரல் மாறும்.

காரிமங்கலத்தான் | வெள்ளி, இரவு 8.44

கேட்டேன் சார். "அதெல்லாம் எங்க லீகல் டீம் பாத்துக்கும், நீங்க அட்வான்ஸ் போடுங்க"ன்னாங்க. மறுபடி கேட்டேன். லைன் கட்.

அக்கா கேட்டதுக்குப் பதில்: ஆசனவாய்ப் பக்கம் தொட்டா தெரியுதாம். இறுக்க முடியல. அண்ணன் கேட்ட புண்ணு, வால் எலும்பு மேல ஒரு ரூபாய் அளவு இருக்கு. தங்கச்சி இது வரைக்கும் யாருக்கும் சொல்லாம மஞ்சத்தூள் வெச்சுக்கிட்டு இருந்திருக்கு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.

பிசியோ அக்கா | வெள்ளி, இரவு 9.02

அங்க உணர்வு இருக்குன்னா நல்ல செய்திதான் தம்பி. 'பி'ன்னு எழுதினது சரி.

இன்னொன்னும் கவனிங்க. பெரியவங்களுக்குத் தண்டுவடம் எல்1, எல்2 பக்கத்துலயே முடிஞ்சிடும். அதுக்குக் கீழ தொங்கறது குதிரைவால்னு சொல்ற வேர்நரம்புக் கொத்து. உங்க மச்சானுக்கு அடி அந்த எல்லையில. தண்டுவடத்து முனையும் பட்டிருக்கும், வேர்களும் பட்டிருக்கும். வேருங்க கை கால் நரம்பு சாதி, ஷ்வான் செல் உள்ளது. நசுங்கினது அறுந்து போகாம இருந்தா சிலருக்கு ஒன்றரை, ரெண்டு வருஷம் வரைக்கும்கூட கொஞ்சம் கொஞ்சமா மாற்றம் வரும். வரும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா அந்த நேரத்துல உள்ள தெரியாத பொருளைக் குத்தி, கிருமி ஏத்தி, இருக்கறதையும் கெடுத்துக்கறது பாவம்.

புண்ணு: மஞ்சத்தூளை நிறுத்துங்க. நாளைக்கே அரசு ஆஸ்பத்திரி சர்ஜரி ஓபி. அந்த இடத்துமேல உட்காரவே கூடாது, ஆறற வரைக்கும். ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும். புண்ணு எலும்பு வரைக்கும் போச்சுன்னா ஜெல்லும் இல்ல, நடையும் இல்ல, உயிருக்கே கேடு.

சக்கரவண்டி | வெள்ளி, இரவு 9.40

இதுக்குத்தான் புண்ணைக் கேட்டேன்.

காரிமங்கலம், அந்த நிரந்தர டியூப்பை டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துடுங்க. அப்பப்போ போட்டு எடுக்கற முறை, சிஐசி, அதைக் கத்துக்கட்டும். நாலுல இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா, ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல தேங்க விடாம. கை நல்லா இருக்கறவரு, தானே பண்ணிக்கலாம். நான் ஆரம்பத்துல ஓயாம காய்ச்சல்ல கிடந்தேன், யூரின்ல கிருமி. சிஐசிக்கு மாறினப்புறம்தான் மனுஷனா ஆனேன். இப்ப சந்தையில தக்காளி கமிஷன் பாக்கறேன். கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துல எழுதிக் குடுத்து, பக்கவாட்டுச் சக்கரம் வெச்ச ஸ்கூட்டர் வாங்கினேன்.

பையனுக்கு ஒன்னு. நீ எழுதறது நல்லா இருக்கு, படிச்சேன். ஆனா உங்க ஆராய்ச்சியெல்லாம் ஏன் எப்பவும் 24 மணி நேரம், 72 மணி நேரம்? ஏற்கெனவே உட்கார்ந்திருக்கறவன் கணக்கு என்னாவறது?

காவேரிப்பட்டணத்துப் பையன் | சனி, காலை 11.15

நியாயமான கேள்விண்ணா, எங்க துறையே தலைகுனிய வேண்டிய கேள்வி. புது அடிக்கு முடிவு சீக்கிரம் தெரியும், எலியை மாசக்கணக்குல வளக்கத் தேவையில்ல, செலவு கம்மி. இதுவும் ஒரு காரணம்.

பழைய அடிக்குச் செய்யறவங்களும் இருக்காங்க. தழும்புல இருக்கற அந்தச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டற ஒரு என்சைம் இருக்கு, காண்ட்ராய்டினேஸ். 2002ல லண்டன்ல எலியில பலன் காட்டினாங்க. ஆனா உடம்புச் சூட்டுல அது சில நாள்ல வீரியம் இழந்துடும். அதனால அதை ஜெல்லுக்குள்ள பூட்டி மெதுவா விடறதுக்கு நிறைய பேர் முயற்சி. எங்க லேபுலயும் அதுக்குப் பக்கத்துல ஒரு வேலை ஓடுது. எனக்குத் தோணறதை ஒளிக்காம சொல்றேன்: பழைய அடிக்கு ஜெல் மட்டும் போட்டு யாரும் எந்திரிக்கப் போறதில்ல. தடையை உடைக்கற மருந்து, பந்தல், மின்தூண்டல், பயிற்சி, நாலும் சேரணும். வெளிய இருந்து தோல் மேல மின்தூண்டல் குடுக்கற கருவி ஒன்னு 2024 கடைசில அமெரிக்காவுல அனுமதி வாங்கிடுச்சு. ஆனா அது கழுத்துல பாதி அடிபட்டவங்களுக்கு, கை வேலை தேறறதுக்கு. உங்க ரெண்டு பேருக்கும் அது இல்ல.

சக்கரவண்டி | சனி, மதியம் 1.00

சரி. ஒளிக்காம சொன்னதுக்கு நன்றி தம்பி. உங்க எலிங்களை விசாரிச்சதாச் சொல்லு.

மல்லிப்பூ | சனி, மதியம் 3.36

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க அம்மாவுக்குச் சுகர்ல ரெண்டு பாதமும் மரத்துக் கிடக்கு. இந்த ஜெல் அதுக்கு ஆகுமா? மெடிக்கல்ல மீகோபாலமின்னு பி12 மாத்திரை வாங்கிச் சாப்பிடறாங்க.

பிசியோ அக்கா | சனி, மாலை 4.10

இல்லம்மா. ஜெல்லு ஒரு இடத்துல அறுந்ததுக்கும் பொந்துக்கும். சுகர்ல நரம்பு நுனியில இருந்து நீளம் பூராவும் கெடுது, எங்கன்னு போய் குத்தறது? சர்க்கரையைக் கட்டுப்படுத்தறதும், தினம் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாக்கறதும், வெறுங்கால்ல கொல்லைக்குப் போகாம இருக்கறதும்தான். பி12 குறைவா இருக்கான்னு ரத்தம் பாத்துட்டு மாத்திரை சாப்பிடட்டும். மெட்ஃபார்மின்னு சுகர் மாத்திரை ரொம்ப நாளா போடறவங்களுக்கு அது குறையலாம்.

காரிமங்கலத்தான் | ஞாயிறு, இரவு 8.20

எல்லாருக்கும் பெரிய நன்றி. இன்னிக்கு வீட்ல உட்கார்ந்து பேசினோம். இங்க எல்லாரும் எழுதினது மொத்தத்தையும் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். மச்சானும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. தோப்பை விக்கறதில்லன்னு அவரே சொல்லிட்டாரு. தங்கச்சிக்கு மனசு ஆறல. "அண்ணா, ஒருவேளை நிஜமா இருந்தா?"ன்னு ரெண்டு மூணு தடவை கேட்டுச்சு. என்கிட்ட பதில் இல்ல.

புண்ணை நேத்து ஆஸ்பத்திரியில காட்டினோம். ஆழமில்ல, ஆறிடும்னாங்க. வேலூர் சிஎம்சியில மறுவாழ்வுப் பிரிவு இருக்குன்னு அங்க ஒரு நர்ஸம்மா சொன்னாங்க. அக்காவுக்குத் தெரியுமா?

பிசியோ அக்கா | ஞாயிறு, இரவு 8.55

தெரியாம என்ன. பாகாயத்துல இருக்கு, மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையம். அந்த டாக்டரம்மாவே 1954ல கார் விபத்துல தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ செயலிழந்தவங்க. உட்கார்ந்த இடத்துல இருந்தே தொழுநோயாளிங்களுக்குக் கை ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் இந்த மறுவாழ்வுத் துறையையே அங்க கட்டி எழுப்பினாங்க, 1966ல நிலையம் திறந்துச்சு. சிஐசி, படுக்கையில இருந்து நாற்காலிக்கு மாறறது, புண்ணு வராம பாத்துக்கறது, வீட்டுக்காரங்களுக்குப் பயிற்சி, எல்லாம் சேர்த்துக் கத்துத் தருவாங்க. புண்ணு ஆறட்டும், அதுக்குள்ள அப்பாயின்ட்மென்ட் போட்டு வைங்க.

எம்ஆர்ஐ சிடி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ் மூணையும் எடுத்துக்கோங்க. ராடு டைட்டேனியமா, ஸ்டீலான்னு நோட்ஸ்ல இருக்கும், மறுபடி ஸ்கேன் எடுக்கணும்னா கேப்பாங்க.

தங்கச்சிகிட்ட இப்படிச் சொல்லுங்க: நிஜமான மருந்து வர்ற அன்னிக்கு அதைப் போட்டுக்கற நிலைமையில உடம்பு இருக்கணும். மூட்டு மடங்கிப் போகாம, எலும்பு இளகாம, கிட்னி கெடாம. அந்த வேலை இன்னிக்கே இருக்கு.

சக்கரவண்டி | ஞாயிறு, இரவு 9.30

நான் அங்க இருந்திருக்கேன். காலையில வெள்ளன கிளம்புங்க. வண்டியில ஏர்றதுக்கு முன்னாடி பையைக் காலி பண்ணிடுங்க. சீட்டு மேல நல்ல மெத்தை போட்டு ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. கிருஷ்ணகிரி தாண்டி வாணியம்பாடிக்குள்ள ஒரு தடவையாவது ஓரங்கட்டித் திருப்பிப் படுக்க வைக்கணும், டிரைவர் முனகுவான், கண்டுக்காதீங்க. தேதி முடிவானதும் இங்கயே போடுங்க, என்கிட்ட மிச்சம் இருக்கற காத்து மெத்தையைப் பாலக்கோடு வரைக்கும் குடுத்து அனுப்பறேன்.